செசிலியா: ஒரு பெண்பெயரின் சமூக வரலாறு

ஆட்பெயர்களை ஆராய்வது பொழுதுபோக்கான முயற்சி என்றதோர் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோர் புரட்டும் கைந்நூல்களும், ஒலியொற்றுமை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு உலகப் பெயர்களையெல்லாம் ஒரே மூலத்துக்குக் கொண்டுசெல்லும் கட்டுரைகளும் இவ்வெண்ணத்தை வலுப்படுத்தியுள்ளன. ஆயின் ஆட்பெயர் மொழியியலாளனுக்கும் சமூக வரலாற்றாசிரியனுக்கும் ஒருங்கே பயன்படும் சான்றாகும். யாருக்குப் பெயர் இடப்பட்டது, யார் இட்டனர், எந்த உறவை உணர்த்த இட்டனர் என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, ஒரு பெயரின் வரலாறு அதனைத் தாங்கிய மாந்தரின் சமூக நிலைமை பற்றிய வரலாறாகவும் விரிகின்றது. பெண்பெயர்களைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மை. ஏனெனில் எழுத்தில் பதிவான பண்டைய பெண்டிர் பலரைப் பற்றி எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே. சிலவேளை அதுதானும் அவர்களுடையதன்று.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இலத்தீன் மொழியிற் றோன்றி ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வழங்கும் ஒரு பெயர். இத்தாலியர் செச்சீலியா என்றும், பிரெஞ்சுக்காரர் செசீல் என்றும், ஆங்கிலேயர் சிசீலியா, சிசிலி என்றும், நோர்வேயர் சிசெல் என்றும், ஐரிஷ் மக்கள் ஷீலா என்றும் வழங்கும் பெயர்கள் யாவும் ஒரே மூலத்தின் திரிபுகளாம். ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழரிடையிலும் இது நெடுங்காலம் பயின்றுவருவது.

உரோமரின் பெயரிடு முறையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். குடியரசுக் கால உரோமக் குடிமகன் ஒருவனுக்குப் பொதுவாக மூன்று பெயர்கள் இருந்தன. தனக்கேயுரிய முற்பெயர், குலப்பெயர், குலத்தின் கிளையைக் குறிக்கும் கிளைப்பெயர் என்பன அவை. கயுஸ் யூலியுஸ் சீசர் என்பதில் கயுஸ் அவனது பெயர், யூலியுஸ் குலம், சீசர் கிளை. அவனது மகளின் பெயர் யூலியா. அவனது சகோதரியர் இருவரின் பெயரும் யூலியா. அவனது அத்தையின் பெயரும் யூலியாவே. தந்தையின் குலப்பெயருக்குப் பெண்பால் விகுதி சேர்த்தாற் கிடைப்பது எதுவோ அதுவே பெண்ணின் பெயர். மகளிர் இருவராயின் மூத்தவள், இளையவள் என்றும், மேலும் பலராயின் மூன்றாமவள், நான்காமவள் என்றும் அடைகொடுத்து வேறுபடுத்தினர். மார்க் அன்டனிக்கு ஒக்டேவியா வயிற்றிற் பிறந்த பெண்கள் இருவரும் அன்டோனியாக்களே. முற்காலத்திற் பெண்களுக்கும் முற்பெயர் இருந்தமைக்குச் சான்றுகள் உண்டெனினும், குடியரசின் பிற்காலத்தில் அவ்வழக்கம் பெரும்பாலும் அருகிவிட்டது. மணமான பின்னரும் பெண் தந்தையின் குலப்பெயரையே தாங்கினாள் என்பதைச் சிலர் அவளது சுதந்திரத்தின் அடையாளமாகக் காட்டுவர். அது பொருந்துமாறில்லை. எந்தக் குலத்தின் உடைமையாகப் பிறந்தாளோ அக்குலத்தின் முத்திரை அழியாதிருந்தது என்பதே அதன் பொருள்.

கைக்கிலியுஸ் என்னும் குலத்திற் பிறந்த பெண் கைக்கிலியா. இதுவே நாம் எடுத்துக்கொண்ட பெயரின் ஆதி வடிவம். செசிலியா என்று இன்று நாம் சொல்லுமிடத்து வரும் இரு சகரங்களும் செம்மொழிக் கால இலத்தீனில் ககரங்களாகவே ஒலித்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. குருடு என்னும் பொருளுடைய கைக்குஸ் என்ற சொல்லிலிருந்து இக்குலப்பெயர் பிறந்ததென்பது பெரும்பாலாரின் கொள்கை. உடற்குறையைப் பெயராக்கும் வழக்கம் உரோமரிடம் மலிந்திருந்தது. க்ளோடியா என்னும் பெயரின் மூலமாகிய கிளவுதியுஸ் முடம் என்னும் பொருளுடைய சொல்லோடு தொடர்புபடுத்தப்படுவது; சிசெரோ என்பது கடலையைக் குறிக்குஞ் சொல்லடியாக வந்தது; ஸ்திராபோ என்பவன் மாறுகண்ணன். முடமோசியாரையும் ஐயூர் முடவனாரையும் சங்கப் புலவர் வரிசையிற் கொண்டுள்ள நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. பெருங்குடி மக்களோ இத்தகைய விளக்கத்தோடு அமைதியடைவதில்லை. கைக்கிலியுஸ் குலத்தார் தாம் வல்கன் தேவனின் மகனும் பிரெனெஸ்தே நகரை நிறுவியவனுமாகிய கைக்குலுஸ் என்பானின் வழிவந்தோர் என்று கதை வழங்கினர். செல்வாக்குற்ற பிளேபியக் குலமொன்று தனக்குத் தெய்வ மரபு தேடிக்கொண்டதன் சான்றாகவே இக்கதையைக் கொள்ளல் வேண்டும்.

குருடு என்னும் அடிச்சொல் விலங்கியலிலும் ஒரு சுவடு பதித்துள்ளது. கண் தெரியாத பாம்பெனத் தாம் கருதிய பிராணியொன்றை உரோமர் கைக்கிலியா என்றே அழைத்தனர். லின்னேயசு 1758 இல் மண்ணுள் வாழும் காலற்ற ஈரூடகவாழிகளுக்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் அவ்வாண்டில் விவரித்தவற்றுள் ஒன்று இலங்கைக்கே உரிய இனமாகும். இன்று இக்தியோபிஸ் குளூட்டினோசஸ் என்று வழங்குவது. நம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஈரமண்ணைக் கிளறும்போது வெளிப்பட்டு, பாம்பென்றெண்ணி அடித்துக் கொல்லப்படும் இப்பிராணியும், இசைக்குக் காவலாகப் போற்றப்படும் புனிதையும் ஒரே அடிச்சொல்லின் வழித்தோன்றல்கள்.

உரோமக் கைக்கிலியாக்களுள் நம் கவனத்துக்குரியோர் மெத்தெல்லுஸ் கிளையைச் சேர்ந்த பெண்களாவர். கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் இக்கிளை உரோம ஆட்சியிற் பெரும் பதவிகளை வகித்தது. அதிற் பிறந்த பெண்கள் அனைவருக்கும் கைக்கிலியா மெத்தெல்லா என்ற ஒரே பெயர். எனவே பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவர்களைப் பிரித்தறியத் தந்தையரின் வெற்றிப் பட்டங்களையே துணைக்கொள்ள நேர்ந்தது. பலியாரிக் தீவுகளை வென்றவன் மகள் பலியாரிக்கா. தல்மாத்தியாவை வென்றவன் மகள் தல்மாத்திக்கா. தந்தையர் வாள்கொண்டு கவர்ந்த நாடுகளின் பெயர்களால் மகளிர் அடையாளங்காணப்படும் இந்நிலை உரோமப் பேரரசின் இயல்பையும் அங்குப் பெண்ணின் இடத்தையும் ஒருங்கே காட்டுவது.

உரோம நகரிலிருந்து தெற்கே செல்லும் அப்பியப் பெருவழியில், மூன்றாம் மைற்கல்லுக்கு அண்மையில், வட்டவடிவான பெருங் கல்லறை ஒன்று இன்றும் நிற்கின்றது. அதன் விட்டம் ஏறத்தாழ 29 மீற்றர். யோகான் திஷ்பைன் 1787 இல் வரைந்த கேதேயின் புகழ்பெற்ற ஓவியத்திற் பின்னணியிற் காணப்படுவதும், பைரன் தமது நெடும் பயணக் காவியத்தின் இறுதிக் காண்டத்தில் (1818) நின்று வினவுவதும் இக்கல்லறையைப் பற்றியே. இதனுட் கிடந்தவள் யார், எப்படி வாழ்ந்தாள் என்று அவர் கேட்டார். கல்லறையின் கல்வெட்டு அதற்கு விடை தருவதில்லை. குயிந்துஸ் கிரெத்திக்குசின் மகளும் கிராசுசுக்கு உரியவளுமாகிய கைக்கிலியா மெத்தெல்லாவுக்கு என்பதே அதன் முழுச் செய்தி. தந்தை கி.மு. 69 இல் கொன்சலாயிருந்து பின்னர் கிரீத் தீவைக் கைப்பற்றியவன். கணவன் செல்வத்தாற் பெயர்போன கிராசுசின் மகனாதல் கூடும். அவளது குலம், தந்தை, கணவன் ஆகிய மூன்றும் கல்லிற் பொறிக்கப்பட்டன. அவளுக்கேயுரிய சொல் ஒன்றேனும் அதில் இல்லை. 1303 ஆம் ஆண்டளவில் கயித்தானி குடும்பத்தார் கல்லறையைக் கோட்டையாக மாற்றி, அப்பியப் பெருவழியில் ஆதிக்கஞ் செலுத்த அதனைப் பயன்படுத்தினர்.

இன்னொரு மெத்தெல்லா சர்வாதிகாரி சுல்லாவின் மனைவி. அவள் நோய்வாய்ப்பட்டு இறக்குந் தறுவாயில் இருந்தபோது, மரணத்தால் வீடு தீட்டுப்படலாகாது எனப் பூசகர் விதித்தமையால், சுல்லா அவளுக்கு மணமுறிவு ஓலை அனுப்பி, உயிரோடிருக்கையிலேயே வேறொரு வீட்டுக்கு அப்புறப்படுத்தினான் என்று புளூட்டாக் எழுதுகிறார். குலப்பெயரின் பெருமை இத்தகைய நேரங்களிற் பெண்ணுக்கு அளித்த பாதுகாப்பு எவ்வளவு என்பதை இது புலப்படுத்தும்.

இப்பெயர் மேட்டுக்குடியாரோடு நின்றுவிடவில்லை. உரோமில் அடிமை ஒருவன் விடுதலை பெறுமிடத்துத் தன் பழைய எசமானின் குலப்பெயரை ஏற்றான். நகைச்சுவை நாடக ஆசிரியரான கைக்கிலியுஸ் ஸ்தாத்தியுஸ் இவ்வாறு பெயர் பெற்றவர். கலியநாட்டிலிருந்து அடிமையாக உரோமுக்கு வந்தவரென மரபு கூறும். விடுதலை பெற்ற அடிமைப் பெண் கைக்கிலியா ஆனாள். அவளது பழைய அடிமைப் பெயர் கிளைப்பெயரின் இடத்திற் பின்னொட்டாகத் தொங்கியது. அவள் பெற்ற பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அக்குலப்பெயரைத் தாங்கினர். பேரரசுக் காலத்தில் இப்பெயர் நாடெங்கும் பரவியமைக்கு மெத்தெல்லுஸ் கிளையின் புகழைக் காட்டிலும் அவர்களிடம் அடிமைகளாயிருந்தோரின் எண்ணிக்கையே காரணமாயிருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

கிறித்தவ மரபு இப்பெயருக்கு முற்றிலும் வேறான வாழ்வைத் தந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த வரலாற்றுக் கதையொன்றின்படி, செசிலியா என்னும் உரோமப் பெருங்குடிப் பெண் வலேரியன் என்பானுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். தன் கன்னிமையை இறைவனுக்கு அர்ப்பணித்தவளாகிய அவள், கணவனையும் அவன் சகோதரன் திபூர்த்தியுசையும் கிறித்தவராக்கினாள். அவ்விருவரும் கொல்லப்பட்டனர். அவளை நீராவி அறையிலிட்டுக் கொல்ல முயன்று, அது பலியாமையாற் கழுத்தில் மூன்றுமுறை வெட்டினர். மூன்று நாட்கள் உயிரோடிருந்து மாண்டாள். இக்கதையின் வரலாற்று நம்பகத்தன்மை பற்றி ஆய்வாளரிடையே பலத்த ஐயம் உண்டு. எனினும் ஒன்று தெளிவு. முன்னர் கண்ட கைக்கிலியாக்கள் யாவரும் பிறரால் மணமுடிக்கப்பட்டு, பிறரால் விலக்கப்பட்டு, பிறரால் அடக்கஞ் செய்யப்பட்டவர்கள். இக்கதையின் செசிலியாவோ பேசுகிறாள், வாதிடுகிறாள், மறுக்கிறாள். அவள் மறுத்துநின்ற உரிமைக்குச் சமய எல்லை ஒன்று இருந்தது உண்மையேயாயினும், பல நூற்றாண்டுகளாகப் பெற்றோர் தம் பெண்களுக்கு இப்பெயரைத் தேர்ந்தது கைக்கிலியுஸ் குலத்தை நினைந்தன்று, இப்பெண்ணை நினைந்தே. குலத்தின் முத்திரையாயிருந்த சொல் தனியொருத்தியின் பெயராகிய திருப்பம் இங்கேயே நிகழ்ந்தது.

இசைக்கு அவள் காவலாகிய விதம் சுவையானது. திருமண நாளில் வாத்தியங்கள் முழங்கியபோது அவள் தன் உள்ளத்துள் இறைவனை மட்டும் நோக்கிப் பாடினாள் என்பதே மூலக்கதை. அதாவது கேட்டுக்கொண்டிருந்த இசையிலிருந்து அவள் விலகி நின்றாள். வழிபாட்டிற் பாடுவதற்காக இவ்வாக்கியத்தைச் சுருக்கியபோது உள்ளத்துள் என்ற சொற்கள் விடுபட்டன. வாத்தியம் என்னும் பொதுச்சொல் காலப்போக்கில் ஓகன் என்னும் ஒரே கருவியைக் குறிக்கலாயிற்று. விளைவாக, இசையைப் புறக்கணித்த பெண் ஓகன் வாசிப்பவளானாள்! ரஃபேல் ஏறத்தாழ 1515 இல் தீட்டிய ஓவியத்தில் அவள் கையிற் சிறிய ஓகனோடு நிற்கிறாள். 1585 இல் உரோமில் நிறுவப்பட்ட இசைக்கழகம் அவள் பெயரை ஏற்றது. இங்கிலாந்தில் அவள் திருநாளாகிய நவெம்பர் 22 இல் இசைவிழா எடுக்கும் வழக்கம் வேரூன்றியது. 1692 இல் பர்செல்லும், டிறைடனின் 1687 ஆம் ஆண்டுக் கவிதையைக் கொண்டு 1739 இல் ஹண்டெலும் அந்நாளுக்கென இசையமைத்தனர். ஐரோப்பிய இசை வரலாற்றில் ஓர் அரிய பகுதி ஒரு வாக்கியச் சுருக்கத்தின் மேல் எழுந்து நிற்கிறதெனின் அது மிகையாகாது.

புனிதையின் பெயருக்குக் குருடு என்று பொருள் கொள்ள இடைக்காலத் துறவிகள் மனங்கொள்ளவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வொறாசினே ஊர் யாக்கோபு தொகுத்த பொன்மரபுக் கதைகள் என்னும் நூல், வானுலகின் லீலிமலர், குருடருக்கு வழி, மக்களின் வானம் என்றெல்லாம் இப்பெயரைப் பிரித்துப் பொருள் கூறுகிறது. சோசர் தமது கன்ரபரிக் கதைகளுள் இரண்டாம் கன்னியாத்திரி கூறும் கதையில் இவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இவற்றுள் ஒன்றும் மொழியியலுக்கு ஒவ்வாது. ஆயினும் தலப்பெயர்களுக்குப் புராண விளக்கங்கூறிப் பழகிய நாம் இவற்றை எள்ளுதல் தகாது.

இனி ஒலித்திரிபை நோக்குவோம். இலத்தீனில் எகர இகர உயிர்களுக்கு முன்வந்த ககரம், பேரரசு சிதைந்த காலத்திலும் அதன் பின்னரும் பெரும்பாலான பகுதிகளில் அண்ணவொலியாகத் திரிந்தது. ஐ என்னும் ஈருயிரும் எகரமாகியது. கைக்கிலியா கெக்கிலியாவாகி, பின்னர் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இத்தாலியரும் உருமேனியரும் நம் பச்சை என்ற சொல்லிற் கேட்கும் வல்லொலியோடு செச்சீலியா என்பர். யேர்மானியரும் போலந்தியரும் ஹங்கேரியரும் இரசியரும் ட்ஸகர ஒலியால் ட்ஸெட்ஸீலியா என வழங்குவர். பிரெஞ்சிலும் போர்த்துக்கேயத்திலும் ஆங்கிலத்திலும் அது மெல்லிய ஸகரமாயிற்று. ஸ்பெயினின் வடபகுதியார் பல்லிடை நாவொலியால் தெதீலியா என்பதற்கு அணித்தாக ஒலிப்பர். அந்நாட்டின் தென்பகுதியிற் பலரும் தென்னமெரிக்கரும் ஸகரமாகவே ஒலிப்பர். சார்தீனியத் தீவின் பழைமைவாய்ந்த கிளைமொழிகள் மட்டும் இத்திரிபுக்கு ஆட்படாது, நூறு என்பதற்குரிய சொல்லைக் கெந்து என ககர முதலாகவே இன்றும் வழங்குகின்றன.

தமிழ் மாணவனுக்கு இது விளங்குதற்கரிதன்று. நாம் செவி என்பதைக் கன்னடர் கிவி என்பர். நம் சேரி அவர்களுக்குக் கேரி. திராவிட மொழிகளிலும் முன்னுயிர்களுக்கு முன் ககரம் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாகத் திரிந்தது. கன்னடம் பழைய ஒலியைக் காத்தது. சேரரை அசோகன் கல்வெட்டு ககர முதலாகக் குறிப்பிடுவதும் இதனோடு சேர்த்தெண்ணத்தக்கது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்களில் ஒத்த சூழலில் ஒத்த திரிபு நிகழ்வதற்குக் காரணம் மனித வாயின் அமைப்பேயன்றி உறவு அன்று. இவ்வேறுபாட்டை மறந்தாற் சொல்லாராய்ச்சி வெறும் சொல்விளையாட்டாகிவிடும்.

கன்னடத்தின் இடத்தில் இங்கு நிற்பது கிரேக்கம். இத்திரிபு நிகழுமுன்பே இலத்தீன் பெயர்களை ஏற்றுக்கொண்ட கிரேக்கர் அவற்றைக் ககரமிட்டே எழுதினர். ஆகவே கிழக்குத் திருச்சபையில் இப்புனிதை கிக்கிலியா. கிரேக்கத்திலிருந்து கிறித்தவத்தைப் பெற்ற இரசியாவின் திருச்சபை நாட்காட்டியிலும் அவள் பெயர் கிக்கிலியாவே. மேலைநாட்டு வழியாக வந்த ட்ஸெட்ஸீலியா வேறொரு பெயர்போல அதன் அருகில் வழங்குகிறது. சீசர் என்னும் பெயர் யேர்மன் மொழியிற் பழைய ககரத்தோடு கைசர் என்றும், சிலாவிய மொழிகளில் சார் என்றும் ஆனமையை அறிந்தோர்க்கு இவ்விரட்டை வடிவம் புதிதன்று. ஒரு நாடு எத்திசையிலிருந்து எக்காலத்திற் சமயத்தையும் எழுத்தையும் பெற்றது என்பதை அந்நாட்டுப் பெண்பெயர் ஒன்றின் முதலெழுத்தே சொல்லிவிடுகிறது.

வடநாடுகளில் இப்பெயர் குறுகியது. டென்மார்க்கில் சிட்செல், நோர்வேயில் சிசெல், சில்யே, பின்லாந்தில் சில்யா என்பன அதன் வீட்டுவடிவங்கள். இவ்வடிவங்களோடு பெயரின் சமூக மதிப்பும் இறங்கிவந்தது. பின்லாந்து நாவலாசிரியர் சில்லன்பா 1931 இல் வெளியிட்ட நாவலின் நாயகியான சில்யா, நிலமிழந்த குடியானவக் குடும்பத்தின் கடைசிப் பெண். பண்ணை வீடுகளில் வேலைக்காரியாக அலைந்து காசநோயால் இளமையிலேயே மடிபவள். அவ்வாசிரியருக்கு 1939 இல் நோபெல் பரிசு கிட்டியது.

இங்கிலாந்திலும் இதே இறக்கத்தைக் காணலாம். அங்கு இப்பெயரைப் பரப்பியோர் நோர்மானியர். வெற்றிவீரன் வில்லியம் 1066 இல் தன் மகள் செசிலியாவைச் சிறுமியாகவே கான் நகரத்துக் கன்னியர் மடத்துக்கு ஒப்படைத்தான்; பின்னாளில் அவள் அம்மடத்தின் தலைவியானாள். அரச குடும்பத்திலிருந்து இறங்கிய பெயர் பதினாறாம் நூற்றாண்டில் நாட்டுப்புறப் பாற்காரியின் பொதுப்பெயராயிற்று. தொமஸ் டஸரின் வேளாண்மைச் செய்யுள் நூலிற் பாற்பண்ணை வேலைக்காரி சிஸ்லி. சேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகத்து முன்னுரைக் காட்சியிற் சாராயக்கடை வேலைக்காரி சிசிலி ஹக்கெற். சமயச் சீர்திருத்தத்தின் பின் புனிதர் பெயர்கள் மதிப்பிழந்தமை இதற்கு ஒரு காரணம். மேலோர் கைவிட்ட பெயர் கீழோரிடம் நிலைத்து நிற்பது எங்கும் காணும் நியதி என்பது மற்றொன்று.

ஆங்கிலேயச் சிசிலிகளுள் ஒருத்தியின் வழக்கு அண்மையில் ஆய்வுலகைக் கலக்கியமையால் அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். சிசிலி சம்பெய்ன் என்பவள் இலண்டனிற் பாண் சுட்டு விற்கும் ஒருவரின் மகள். 1380 மே மாதத்தில் அவள், கவிஞர் சோசரைத் தன் மீதான ராப்துஸ் தொடர்பான எல்லா வழக்குகளிலிருந்தும் விடுவிப்பதாக நீதிமன்றில் ஆவணம் பதிவித்தாள். ராப்துஸ் என்னும் இலத்தீன் சொல் பாலியல் வல்லுறவையும் குறிக்கும். ஒருவரைக் கவர்ந்து செல்வதையும் குறிக்கும். 1873 இல் இவ்வாவணம் அறிஞருலகுக்கு வெளிப்பட்டது முதல், ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படுபவரைக் காக்க முனைந்தோர் ஒருபுறமும், அப்பெண்ணின் குரலைக் கேட்கவேண்டும் என்றோர் மறுபுறமுமாக விவாதம் நீண்டது. 2022 இல் யூவான் றொஜர், செபஸ்தியன் சொபெக்கி ஆகிய இருவரும் புதிய ஆவணங்களை வெளியிட்டனர். தொமஸ் ஸ்ரோண்டன் என்பவர் தொழிலாளர் சட்டத்தின் கீழ் சோசர் மீதும் சிசிலி மீதும் ஒருங்கே வழக்குத் தொடுத்திருந்தமை அவற்றால் தெரியவந்தது. தம்மிடம் வேலைசெய்த சிசிலி உரிய தவணைக்கு முன் விலகிச் சோசரிடம் வேலைக்குச் சேர்ந்தாள் என்பது அவரது முறைப்பாடு. அதாவது இருவரும் எதிரெதிர்க் கட்சியினர் அல்லர். ஒரே வழக்கின் எதிரிகள்.

இச்சட்டம் எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். 1348, 1349 ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் மக்களிற் பெரும்பகுதியினரைக் கொன்றொழித்தபோது வேலையாட்கள் அருகினர், கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலியைப் பழைய மட்டத்துக்கு அமுக்கவும், வேலையாள் எசமானை விட்டு நீங்காது தடுக்கவும் 1349 இற் கட்டளையும் 1351 இற் சட்டமும் இயற்றப்பட்டன. கூடிய கூலி தேடியோ வேறு காரணத்தாலோ வீடு மாறிய வேலைக்காரி ஒருத்தி அதனால் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டாள். இலக்கிய வரலாறு அவளை ஒன்றரை நூற்றாண்டாக ஒரு கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பாகவே கண்டது. புதிய ஆவணங்கள் எல்லா ஐயத்தையும் தீர்த்துவிட்டன எனப் பெண்ணிய ஆய்வாளர் ஒப்பவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்களின் நிலை அக்காலத்தில் எத்துணை பாதுகாப்பற்றிருந்தது என்பதை அவர்கள் நினைவூட்டுவது நியாயமே. அதே சோசர் புனித செசிலியாவின் வரலாற்றைச் செய்யுளாக்கியவர் என்பதை நாம் குறித்து அப்பாற் செல்வோம்.

நோர்மானியர் 1169 முதல் அயர்லாந்தினுட் புகுந்தபோது பெயரும் உடன்சென்றது. ஐரிஷ் மொழியில் அது ஷீல எனக் குறுகியது. இரு சகரங்களுள் ஒன்று மறைந்தது. எஞ்சியது இகரத்தின் முன் ஷகரமாக ஒலிப்பது அம்மொழியின் இயல்பு. வந்தேறிய ஆக்கிரமிப்பாளரின் பெயர் சில தலைமுறைகளுக்குள் சுதேசப் பெயராகிவிட்டமை கவனத்துக்குரியது. பின்னர் ஆங்கில ஆட்சி வலுத்தபோது பதிவாளர்கள் அதன் மூலத்தை அறியாது யூலியா என்றும், சீலியா என்றும், ஜூடித் என்றும் விரும்பியவாறு மொழிபெயர்த்தனர். சீலியா உண்மையில் கைலியுஸ் என்னும் வேறொரு குலத்தின் பெண்பெயர். சொந்த மொழியில் ஷீலவாக இருந்தவள் அரசின் ஏட்டில் வேறொருத்தியானாள். ஆங்கில எழுத்திற் றிரும்பிவந்த வடிவமே ஷீலா.

ஐரிஷ் மக்கள் கைதிகளாகவும் வறுமையால் விரட்டப்பட்ட குடியேறிகளாகவும் அவுஸ்திரேலியா சென்றபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, ஷீலா என்பது அங்கு ஐரிஷ் பெண்ணையும், பின் எந்தப் பெண்ணையும் குறிக்கும் கொச்சைச் சொல்லாயிற்று. ஆணைப் பெடி என்றாற்போல இதுவும் ஏளனத்திற் பிறந்தது. இன்று பெண்கள் பலர் இச்சொல்லை இழிவாகவே கருதுகின்றனர். பெண்கள் அனைவருக்கும் ஒரே பெயர் என்னும் மெத்தெல்லுஸ் வீட்டு நிலை, குலப்பெருமை முழுதும் உதிர்ந்தபின், தென்கடலின் கரையிலே மீண்டும் தோன்றியது விந்தையே.

செசிலியாக்களுள் தன் பெயரைத் தானே வகுத்துக்கொண்ட ஒருவரையும் குறிப்பிடுதல் வேண்டும். 1900 இல் இங்கிலாந்திற் பிறந்த செசிலியா பெய்ன் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அப்பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லையாதலால் 1923 இல் அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்துக்குச் சென்றார். விண்மீன்கள் பெரிதும் ஐதரசனாலேயே ஆனவை என்ற முடிவுக்கு அவரது 1925 ஆம் ஆண்டு ஆய்வேடு வழிகாட்டியது. அக்காலத்துப் பேரறிஞரான ஹென்றி நொறிஸ் ரசல் அது இயலாதது என்று கூறவே, தம் முடிவு பெரும்பாலும் உண்மையாயிராது என்று அவ்வேட்டிலேயே எழுத வேண்டியவரானார். 1929 இல் ரசல் வேறு வழியால் அதே முடிவை அடைந்தார். 1934 இல் செர்கேய் கபோஷ்கினை மணந்த அவர், தந்தை பெயரையும் கணவர் பெயரையும் இணைத்துப் பெய்ன்-கபோஷ்கின் என்றே எழுதினார். ஹாவார்ட் அவரைப் பேராசிரியராக்கியது 1956 இல்.

இனி நம் நாடு. இலத்தீன் சொற்கள் போர்த்துக்கேயர் வாயிலாக ஈழத்தமிழின் அன்றாட வழக்கினுள் ஆழப் புகுந்துள்ளன. பாண், மேசை, சாவி, அலுமாரி என்பவற்றைப் பேசும்போது நாம் இலத்தீனின் பேரப்பிள்ளைகளையே பேசுகிறோம். பெயர்களும் அவ்வாறே வந்தன. திரெந்துச் சங்கத்தின் பின் 1566 இல் வெளியான மறைக்கல்வி நூல் திருமுழுக்கிற் புனிதர் பெயரையே இடுமாறு வற்புறுத்தியது. பதினாறாம் நூற்றாண்டில் மன்னாரிலும், 1619 இன் பின் யாழ்ப்பாணத்திலும் போர்த்துக்கேயக் குருமார் திருமுழுக்களித்த காலம் அதுவே. செசிலியா என்னும் வடிவம் போர்த்துக்கேய உச்சரிப்பை அப்படியே ஏற்பது. சிசிலியா என்பதோ ஆங்கில உச்சரிப்பின் சாயலுடையது. மட்டக்களப்பிலுள்ள புகழ்பெற்ற பெண்கள் பாடசாலையின் பெயர் இவ்வடிவிலேயே வழங்குகிறது. தமிழெழுத்தில் ஓருயிர் வேறுபாடாகத் தோன்றும் இதனுள் இரு குடியேற்ற ஆட்சிகளின் சுவடு பதிந்திருக்கிறதெனக் கருத இடமுண்டு.

ஷீலா என்ற பெயர் பற்றியும் ஒரு சொல். இந்தியாவிலும் இலங்கையிலும் இப்பெயர் தாங்கிய பெண்கள் பலர். அது ஒழுக்கம் என்னும் பொருளுடைய சீல என்ற வடசொல்லடியாகப் பிறந்தது, சுசீலாவின் உறவு. ஐரிஷ் ஷீலாவோடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயின் ஆங்கில எழுத்திற் பெயரெழுதத் தொடங்கிய நம்மவருட் பலர் ஐரிஷ் பெயருக்குரிய எழுத்துக்கூட்டலையே கைக்கொண்டமையால் ஏட்டளவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நூறு ஆண்டுகளின் பின் இரு நாட்டுப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வாளன் ஒருவன், ஐரிஷ் மக்களும் நாமும் ஓரினம் என்று நூல் எழுதினால் அவனை மறுக்க எழுத்துமட்டும் போதாது. சிசிலி, சிசெல், கிக்கிலியா என்னும் வடிவங்கள் ஒருபுறமும், சீலம், சீலன், சுசீலா என்பன மறுபுறமும் தத்தம் மொழியில் நிற்கும் வரிசையையே அவன் முன் வைத்தல் வேண்டும். நம் கத்தோலிக்கக் குடும்பங்களிற் சிக்கல் இன்னும் ஒரு படி கூடியது. அங்கு ஷீலா என்று அழைக்கப்படும் பெண்ணொருத்தியின் பெயர் இவ்விரு மூலங்களுள் எதிலிருந்தும் வந்திருக்கலாம். அவளுடைய பெயர்நாள் நவெம்பர் 22 இற் கொண்டாடப்படுகிறதா என்று வீட்டாரைக் கேட்பதைவிடச் சிறந்த ஆய்வுமுறை எமக்குத் தெரியவில்லை.